சீட்டில் யுனைடெட், இயக்குவது ஸ்கைவெஸ்ட்: இது யாருடைய விமானம்?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். சிகாகோவில் இறங்கி, அவள் இருக்கும் சிறு நகரத்துக்கு வேறு விமானம் மாற வேண்டும். சீட்டு முழுவதும் யுனைடெட் பெயரில் இருக்கிறது. ஆனால் இரண்டாம் பயணத்தின் கீழே ‘இயக்குவது ஸ்கைவெஸ்ட், விமானம் எம்ப்ரேயர் 175’ என்று போட்டிருக்கிறார்கள். இது எந்தக் கம்பெனி? போயிங்கின் நாட்டில் பிரேசில் விமானம் ஏன்? பெட்டி வராவிட்டால் யாரிடம் கேட்பது?

பதில்: உங்கள் சீட்டில் பிழை ஏதும் இல்லை. ஸ்கைவெஸ்ட் 1972-இல் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் நகரில் தொடங்கிய நிறுவனம். யுனைடெட், டெல்டா, அமெரிக்கன், அலாஸ்கா ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களுக்காகவும் அது விமானம் ஓட்டுகிறது. விமானிகளும் பணிப்பெண்களும் ஸ்கைவெஸ்ட்டின் ஊழியர்கள். விமானத்தின் மேல் தீட்டியிருக்கும் வண்ணமும், சீட்டு விற்பனையும், பயண எண்ணும் யுனைடெட்டுடையவை. பயணிகள் நிறைந்தாலும் குறைந்தாலும், ஓட்டிய பயணங்களுக்குப் பெரும்பாலும் ஒப்பந்தப்படி பெரிய நிறுவனம் கட்டணம் கொடுத்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் வேர் மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுன் நகரில் இருக்கிறது. தனக்குக் கட்டுப்படியாகாத அந்த ஊர்ச் சேவையை 1967-இல் அலகெனி ஏர்லைன்ஸ், ஹென்சன் என்ற உள்ளூர் நிறுவனத்திடம் ‘அலகெனி கம்யூட்டர்’ என்ற தன் பெயரோடு சேர்த்தே ஒப்படைத்தது. அந்த ஹென்சன்தான் இன்று அமெரிக்கன் குழுமத்தில் இருக்கும் பீட்மான்ட். எந்த ஊருக்கு யார் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்று அரசு வாரியமே முடிவு செய்துவந்த காலம் அது. 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியதும், பெரிய நிறுவனங்கள் சிற்றூர்களை விட்டு விலகி, பெருநகர மையங்களில் பயணிகளைத் திரட்டத் தொடங்கின. சிற்றூர்களிலிருந்து அந்த மையங்களுக்கு ஆட்களைக் கொண்டுவரும் வேலை சிறு நிறுவனங்களின் கைக்கு வந்தது.

அப்போது அவர்கள் ஓட்டியவற்றில் பல அமெரிக்க விமானங்களே. டெக்சஸின் சான் அன்டோனியோவில் மெட்ரோ, கான்சஸின் விசிட்டாவில் பீச்கிராஃப்ட் 1900 என்று இரண்டு புகழ்பெற்ற வகைகள் உருவாயின. இரண்டுக்கும் 19 இருக்கைகள். அதற்கு மேல் போனால் பணிப்பெண் ஒருவரை வைத்தாக வேண்டும் என்ற விதியை ஒட்டி அமைந்த எண்ணிக்கை அது. 1995 இறுதியில் வந்த பாதுகாப்பு விதிகள் இந்தச் சிறு விமானங்களையும் பெரிய விமானங்களின் தரத்துக்குள் கொண்டுவந்தன. பயணிகளின் உயிரைக் கருதினால் அது சரியான முடிவே என்பது என் உறுதியான கருத்து. ஆனால் 19 இருக்கை விமானத்தைச் செலவு கூடியதாக ஆக்கியதில் அதற்கும் பங்குண்டு. பீச்கிராஃப்ட் 1900-இன் உற்பத்தி 2002-இல் நின்றது.

அந்த இடத்தை நிரப்ப அமெரிக்காவிலிருந்து ஜெட் எதுவும் வரவில்லை. கனடாவின் சிஆர்ஜே 1990-களின் தொடக்கத்திலும், பிரேசிலின் இஆர்ஜே 145 1997-இலும் வந்து சந்தையைப் பிடித்தன. போயிங்குக்கு வாய்ப்பே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1986-இல் சிறு பயணிகள் விமானங்களைக் கட்டிவந்த கனடாவின் டி ஹாவிலண்டை வாங்கி, சில ஆண்டுகளிலேயே விற்றுவிட்டது. மெக்டோனல் டக்ளஸ் என்ற இன்னொரு அமெரிக்க விமானத் தயாரிப்பு நிறுவனத்தோடு 1997-இல் இணைந்தபோது கிடைத்த நூறு இருக்கை விமானத்தை 717 என்ற பெயரில் 156 மட்டும் கட்டி, 2006-இல் நிறுத்தியது. எம்ப்ரேயரின் பயணிகள் விமானப் பிரிவில் 80 விழுக்காட்டை வாங்க 2018-இல் போட்ட திட்டத்தையும் 2020 ஏப்ரலில் கைவிட்டது.

எம்ப்ரேயர் 175-தான் உங்களுக்கு வாய்த்திருக்கிறது என்பதற்குக் காரணம் விமானிகளின் தொழிற்சங்க ஒப்பந்தம். குறைந்த சம்பளத்தில் வேலை வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, வெளி நிறுவனங்கள் ஓட்டும் விமானம் 76 இருக்கைகளையும் 86,000 பவுண்டு எடையையும், அதாவது சுமார் 39 டன்னையும், தாண்டக் கூடாது என்று பெரிய நிறுவனங்களின் விமானிகள் வரம்பு கட்டியிருக்கிறார்கள். 175 அந்த வரம்புக்குள் கச்சிதமாக அடங்குகிறது. அதன் அடுத்த தலைமுறை வகை 2019-இல் பறந்து காட்டியும், எடை கூடியதால் அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பயன்படாமல் நிற்கிறது.

உங்கள் சீட்டில் இயக்குபவர் பெயரைப் போட்டிருப்பதும் சட்டத்தின் கட்டாயம். 2009 பிப்ரவரியில் கான்டினென்டல் என்ற பெரிய விமான நிறுவனத்தின் பெயரில் கோல்கன் என்ற சிறு நிறுவனம் ஓட்டிய விமானம் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்தனர். அதையொட்டி 2010-இல் இயற்றிய சட்டம், இணையத்தில் சீட்டு விற்கும்போது இயக்குபவர் பெயரை முதலிலேயே காட்ட வேண்டும் என்றது. துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதியும் அதிலிருந்து பிறந்ததே. ஆகவே ‘சின்ன கம்பெனி’ என்று அஞ்ச வேண்டாம்.

உங்கள் ஒப்பந்தம் யுனைடெட்டோடுதான்; பெட்டி வராவிட்டாலும் அவர்களிடமே கேளுங்கள். இரண்டு பயணங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்; இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் தருவது அவர்கள் பொறுப்பு. விமானத்தை அவர்களே ரத்து செய்து, மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்காவிட்டால், பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. சிகாகோதான் நீங்கள் அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடம் என்றால், பெட்டியை அங்கே எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டரை மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். சக்கரம் வைத்த கைப்பெட்டி 175-இல் தலைக்கு மேலே வைக்க இடம் உண்டு. கடைசி நேரத்தில் 50 இருக்கை விமானமாக மாறிவிட்டால், பெரும்பாலும் அதை விமான வாசலிலேயே வாங்கி அடியில் ஏற்றிவிடுவார்கள். அப்போது பவர் பேங்க், மருந்து, கடவுச்சீட்டு மூன்றையும் வெளியே எடுத்துக்கொள்ள ஒரு சிறு துணிப்பை கையில் இருக்கட்டும்.