வலிக்காத கொப்புளம்தான் என் கவலை

கேள்வி: வயது 53. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். 12 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரையில் ஓடுகிறது. அக்டோபரில் நண்பர்களோடு இமயமலையில் துங்கநாத், சந்திரசிலா போகிறேன். அதற்காக ஜெர்மனியில் இருக்கும் மகன், பழைய பாணியில் முழுத்தோலில் செய்த கனமான மலையேற்ற பூட்ஸ் வாங்கிவந்தான். போட்டதும் கச்சிதமாகப் பிடித்தது. அதோடு ஏலகிரி சுவாமிமலை ஏறி இறங்கினேன். பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. நடக்கும்போது குதிகால் லேசாகத் தூக்குகிறது. நகம் கறுத்தால் புற்றுநோய், பூட்ஸ் தோலில் உள்ள குரோமியம் ரத்தத்தில் கலக்கும், கனமான பூட்ஸ் முட்டியைத் தேய்க்கும் என்றெல்லாம் நெட்டில் படித்தேன். குதிகாலில் ஒரு கொப்புளமும் உடைந்தது. சாக்ஸைக் கழற்றி ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும், வலியே இல்லை. மஞ்சள் வைத்துக் கட்டினேன். இரண்டு வாரமாகியும் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. சில மாதமாகப் பஞ்சுமேல் நடப்பதுபோல இருப்பதால் கடையில் நரம்புச் சத்து மாத்திரை வாங்கிப் போடுகிறேன். (அப்பாவுக்கும் சர்க்கரை. கடைசிக் காலத்தில் இரண்டு விரல் எடுத்தார்கள்.) பூட்ஸ் சரியான அளவா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் மஞ்சளை நிறுத்துங்கள். புண்ணைச் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, காஸ் வைத்து மூடுங்கள். நாளைக் காலை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். சுற்றிலும் சிவந்திருந்தாலோ, வீங்கிச் சுட்டாலோ, நாற்றமோ சீழோ காய்ச்சலோ இருந்தாலோ நாளை வரைகூட வேண்டாம், இன்றே போங்கள். அந்தப் புண் மூடும் வரை பூட்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

அப்பாவைப் பற்றி எழுதியதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க நினைத்த கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படி ஆகுமா? ஆகாமல் தடுக்க முடியும். ஆனால் அதற்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிற ஒரு வரியை நீங்கள் நல்ல சேதியாகப் படிக்கக் கூடாது: ‘வலியே இல்லை.’

குதிகால் கொப்புளம் உடைந்து சாக்ஸில் ரத்தம் ஒட்டுகிற அளவுக்குத் தோல் உரிந்தால், ஒருவர் பத்தடி நடப்பதற்குள் முகம் சுளித்து உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் மலையிலிருந்து இறங்கி, வண்டி ஏறி, வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும் வரை தெரியவில்லை. பஞ்சுமேல் நடப்பதுபோல இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். சர்க்கரையால் பாதத்து நரம்புகள் மரத்துவருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். வேறு சிலர் செருப்பு காலைவிட்டு நழுவியதே தெரியாமல் தெருமுனை வரை போய்விட்டதாகச் சொல்வார்கள். எல்லாம் ஒரே சங்கதிதான்.

என்னிடம் வந்த ஒருவரின் உள்ளங்காலில் எட்டணா அளவுக்குப் புண். எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, கூட வந்த மனைவிக்கும் தெரியவில்லை. அவர் கழற்றிவைத்திருந்த ஷூவை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு புளியங்கொட்டை விழுந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்துகொண்டிருந்தார்.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகுக்குச் சொல்லிக்கொடுத்ததில் உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். அப்படியில்லை, உணர்ச்சி போன கையும் காலும் தினமும் படுகிற காயத்தாலும் அழுத்தத்தாலும்தான் தேய்ந்துபோகின்றன என்று அவரும் கூட வேலை செய்தவர்களும் காட்டினார்கள். அதன் பிறகுதான் தொழுநோய் சிகிச்சையில் செருப்புக்கு மருந்துக்குச் சமமான இடம் கிடைத்தது. தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துவந்த எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பை இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக்கொடுக்கிறோம். நோய் வேறாக இருந்தாலும் வலி தெரியாத கால் ஒன்றுதான்.

இன்று ராத்திரி வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். மனைவியை உங்கள் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஓரிரு நொடி தொட்டால் போதும். தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறும் தெரிந்தாலும் மருத்துவரிடம் போவதை ரத்து செய்யாதீர்கள். அவர் 10 கிராம் நைலான் இழையாலும், தட்டினால் அதிர்கிற இசைக்கவையாலும் சோதிப்பார். பாதத்தின் மேலும் கணுக்காலுக்கு உள்பக்கமும் நாடி பார்ப்பார். புண் ஆறுமா என்பதை அந்த ரத்த ஓட்டம்தான் தீர்மானிக்கும்.

நரம்புச் சத்து மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம் என்பது உண்மை. குறைந்தால் காலும் மரக்கும். அதை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்து, தேவையான அளவு கொடுக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்த கலர் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டதால், ‘வைத்தியம் நடக்கிறது’ என்ற நினைப்பில் காலைக் காட்டாமலே இருந்துவிட்டீர்கள். அந்த மாத்திரை செய்த கெடுதல் அதுதான். அப்புறம், கடையில் விற்கிற கால் ஆணிப் பிளாஸ்திரியையும் தொடாதீர்கள். அதிலுள்ள ஆசிட் ஆணியோடு நல்ல தோலையும் அரிக்கும், மரத்த காலுக்கு அது தெரியாது. வெந்நீரில் கால் ஊறவைப்பதும் வேண்டாம். கொப்பளிக்கிற சூடுகூட உங்களுக்கு வெதுவெதுப்பாகத்தான் தெரியும்.

மற்ற பயங்களை வேகமாக முடித்துவிடுகிறேன். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்ததால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, புற்றுநோய் இல்லை. நகம் வளர வளரக் கறுப்பும் முன்னால் நகர்ந்து போகும். பெருவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், பொறுங்கள். கறுப்பு நகராமல் அங்கேயே நின்றாலோ, பக்கத்துத் தோலுக்குப் பரவினாலோ காட்டுங்கள். குரோமியம் சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் கொடுக்கும். உங்களுக்கு அது இல்லை. பூட்ஸ் போட்டதால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. தோல் பதனிடும் ஊரிலேயே வாழ்கிறவர் இதையெல்லாம் நெட்டில் படித்துப் பயப்படலாமா? முட்டியும் தேயாது, கனமான பூட்ஸில் கால் சீக்கிரம் களைக்கும், அவ்வளவுதான். குதிகால் கொஞ்சம் தூக்குவதும் புதுத் தோல் பூட்ஸில் சகஜம். அடிப்பாகம் விறைப்பாக இருப்பதால் பாதத்தோடு மடங்காது. சில மில்லிமீட்டர்தான் என்றால் அடி மடங்கப் பழகியதும் குறையும். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தூக்கினால் அது உங்கள் பூட்ஸ் இல்லை.

இப்போது பூட்ஸுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய இன்னொரு சொல், ‘கச்சிதமாக’. உணர்ச்சி குறைந்த காலுக்கு, சரியான அளவு ஷூ தொளதொளவென்றுதான் தோன்றும். இறுக்கிப் பிடித்தால்தான் ஷூ போட்டிருப்பதே தெரியும். அதனால் சர்க்கரைக்காரர்கள் பலர் தங்களை அறியாமலே ஒரு அளவு சின்னதாக வாங்கிவிடுகிறார்கள். ஷூ பொருந்துகிறதா என்று உங்கள் காலைக் கேட்கக் கூடாது. கண்ணையும் கையையும்தான் கேட்க வேண்டும்.

மகன் ஆசையாக வாங்கிவந்திருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் கால் போகாத கடையில் பூட்ஸ் வாங்க முடியாது. ஐரோப்பிய எண்ணில் ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். இங்கே பழகிய இங்கிலாந்து எண்ணில் 8.46. இரண்டும் எண்ணுக்கு எண் பொருந்தாது. போதாததற்குக் கம்பெனிக்குக் கம்பெனி லாஸ்ட், அதாவது ஷூ செய்கிற கால் வடிவ அச்சு, வேறு. லாஸ்ட் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

புண் ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகு, ஒரு சாயங்காலம் இதைச் செய்யுங்கள். காலையில் வேண்டாம், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் உப்பியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். வெள்ளைத் தாளை விரித்து, மலைக்குப் போடப்போகும் சாக்ஸோடு அதன்மேல் நின்று, இரண்டு காலையும் வேறு ஒருவரை வரையச் சொல்லுங்கள். நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும். இரண்டில் பெரிய பாதம்தான் கணக்கு. வரைந்ததை வெட்டி எடுத்து பூட்ஸுக்குள் தட்டையாகப் போடுங்கள். ஓரம் எங்காவது மடங்கி மேலேறினால் அந்த இடத்தில் உங்கள் தோல் நசுங்குகிறது. உள்ளே இருக்கிற இன்சோலைக் கழற்ற முடிந்தால் வெளியே எடுத்துப்போட்டு அதன்மேலும் நின்று பாருங்கள். விரல் ஓரத்தைத் தாண்டக் கூடாது. முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும்.

அடுத்து, கயிறு கட்டாமல் பூட்ஸைப் போட்டு, விரல்கள் முன்னால் முட்டும் வரை பாதத்தைத் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் சிரமப்படாமல் இறங்க வேண்டும். நீளம் மட்டும் போதாது. பெருவிரல் அடிக்கணு, பூட்ஸ் மடங்குகிற இடத்திலேயே வர வேண்டும். அது முன்னே பின்னே இருந்தால் மொத்த நீளம் சரியாக இருந்தும் ஒவ்வொரு அடியிலும் தோல் தவறான இடத்தில் மடங்கி அறுக்கும். பிறகு கயிறு கட்டி, சரிவான பலகையில் கீழ்நோக்கி இறங்குங்கள். விரல் முன்னால் போய் இடிக்கிறதா என்பதை நீங்கள் உணரமாட்டீர்கள் என்பதால், சாக்ஸ் நுனியில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவிக்கொண்டு இறங்குங்கள். உள்ளே முன்சுவரில் கைவிட்டுத் துடைத்துப் பாருங்கள். வெள்ளை ஒட்டியிருந்தால் துங்கநாத் இறக்கத்தில் அடுத்த நகமும் கறுக்கும்.

பூட்ஸ் தோல் அகலத்தில் இளகிக் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. அகலம் கொஞ்சம் இறுக்கம் என்றால் உங்கள் ஊரில் அச்சு வைத்து விரித்துத் தர ஆளா இல்லை? நீளம் போதவில்லை என்றால் மகனுக்கு வருத்தமே ஆனாலும் வேறு வாங்குங்கள். தண்ணீரில் நனைத்து, காலிலேயே காயவிட்டால் படியும் என்று பழைய ஆட்கள் சொல்வது உங்களுக்கானது இல்லை. ஈரத் தோலில் ஒரு நாள் நடந்தால் கால்தான் ஊறிப்போகும்.

பழக்குவதை வீட்டுக்குள் தொடங்குங்கள். முதலில் அரைமணி நேரம். கழற்றியதும் சாக்ஸையும் கழற்றி, வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள், உள்ளங்காலுக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே சிவந்திருக்கிறது என்று பேனாவால் வட்டம் போடுங்கள். அரைமணி கழித்து மறுபடி பாருங்கள். சிவப்பு மறைந்திருந்தால் நாளை இன்னும் கொஞ்ச நேரம் போடலாம். அப்படியே இருந்தால் அந்த இடத்தில் பூட்ஸ் அழுத்துகிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. வீடு, தெரு, பிறகு ஏலகிரி என்று ஏற, ஒன்றரை மாதம் ஆனாலும் ஆகட்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். கம்பளியோ செயற்கை இழையோ, விரல் நுனியில் தடித்த தையல் இல்லாததாகப் பாருங்கள். கயிற்றை விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் கட்ட வேண்டும். இரண்டும் சேருகிற இடத்தில், நாங்கள் தையல் போடும்போது செய்வதுபோல, ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி இழுங்கள். முடிச்சு நகராது, குதிகால் பின்னாலேயே உட்கார்ந்துகொள்ளும்.

அக்டோபருக்குள் இதெல்லாம் முடியுமா என்று கேட்பீர்கள். புண் ஆறும் வேகத்தைப் பார்த்து உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும். முடியாவிட்டால் அடுத்த வருடம் போங்கள். துங்கநாத் 3,680 மீட்டர் உயரம், அங்கே குளிரில் நல்ல காலே மரக்கும், உங்களுடையதில் எது குளிர், எது நரம்பு என்று பிரித்தறிய வழியில்லை. போக அனுமதி கிடைத்தால், ஒவ்வொரு முறை தங்கும்போதும் பூட்ஸைக் கழற்றிக் காலைப் பாருங்கள், திரும்பப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். நெருப்பருகே காலை நீட்டாதீர்கள். பாதம் வலியில்லாமல் வீங்கிச் சூடாக இருந்தால் எலும்பே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்த இடத்தில் நடையை நிறுத்தி, யாராவது தூக்கிவர இறங்குங்கள்.

நாளை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த பூட்ஸையும் அன்று போட்டிருந்த சாக்ஸையும் பையில் எடுத்துப்போங்கள். குதிகால் பக்கம் உள்ளே விரலை விட்டுத் தடவினால், எந்தத் தையல் உங்கள் தோலை உரித்தது என்று அவருக்கும் தெரியும், ஷூ தொழிலில் இருக்கிற உங்களுக்கும் தெரியும்.