ஸ்டெல்வியோ கணவாய்க்குச் சிறிய வாடகைக் கார்

வணக்கம். நான்கு பேர் பெட்டிகளுடன் ஜூலையில் மிலானிலிருந்து இத்தாலிய ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்குச் செல்ல, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இல்லாத 1.0 லிட்டர் ஃபியட் பாண்டா போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் மட்டும் என்றால் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். கணவாயின் பிராட்டோ கிராமப் பக்கத்தின் 48 கொண்டை ஊசி வளைவுகளில் நீளம் குறைந்த கார்தான் வசதி. ஆனால் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றலை இழப்பதால், 2,757 மீட்டர் உச்சியை நெருங்கும்போது நால்வரின் எடையுடன் அது திணறும். ஆகவே டர்போ உள்ள ரெனோ கிளியோ அளவிலான காரைக் கேளுங்கள். நிறுவனங்கள் பொதுவாக வகையை மட்டுமே உறுதி செய்கின்றன, மாடலை அல்ல என்பதால், சாவியை வாங்குமுன் எஞ்சின் விவரத்தைக் கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதிக்காமல், இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்.