பில் பத்திரம்: நுகர்வோர் வழக்கு பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

மேலூரிலிருந்து: ஃப்ரிட்ஜ் வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது அண்ணே. மூன்று தடவை மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றியும் குளிர்ச்சி தங்கவில்லை. கம்பெனி சென்னையில் இருக்கிறது. அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? வக்கீலுக்கே ஃப்ரிட்ஜ் காசு போய்விடும் என்கிறார்கள்.

சென்னைக்கு அலைய வேண்டாம் தம்பி. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அதனால் உங்களுக்கு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, நீங்களே போய்ப் பேசலாம்.

முதலில் அந்த மெக்கானிக் கொடுத்த சர்வீஸ் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். கீழே 'வேலை திருப்தி' என்று ஒரு கட்டம் இருக்கும், அவர் அவசரத்தில் இருப்பார், நாமும் காபி கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிடுவோம். பிறகு எதிர்த்தரப்பு ஆணையத்தில் முதலில் நீட்டுவது அந்தச் சீட்டைத்தான். அடுத்த தடவை வந்தால் 'குறை தீரவில்லை' என்று உங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டு, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் கடைக்கும் கம்பெனிக்கும் ஆளுக்கொரு கடிதம் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதிந்து பாருங்கள், சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். ஆனால் 'பார்க்கிறோம் சார்' என்று இழுத்தால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு.

மாசி வீதியில் எடுத்த சேலை, முதல் அலசலிலேயே சாயம் போய்விட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்களே?

அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது அக்கா. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே நேர்மையற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றக் கேட்பது வேறு, அது கடைக்காரர் மனசு. சேலையை மறுபடி அலசாமல் அப்படியே கொண்டு போங்கள்.

பஸ் ஸ்டாண்டில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 25 கேட்கிறார்கள். கூலிங் சார்ஜாம்.

தப்பு. எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம், கூலிங்குக்குத் தனியாக வாங்க முடியாது. தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். ஆனால் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது இதே வாதம் எடுபடாது, அங்கே கூடுதலாக வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை, ஆனால் தீர்ப்பு அதுதான்.

அரசு ஆஸ்பத்திரி சிகிச்சையில் தவறு நடந்தால் நுகர்வோர் வழக்குப் போடலாமா?

எல்லாருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கிற இடம் என்றால் முடியாது. 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு அது. சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி என்றால் இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். அரசு ஆஸ்பத்திரி விஷயத்தில் சிவில் கோர்ட், உயர் நீதிமன்றம் என்று வேறு வழிகள் உண்டு. காசில்லாதவருக்குத்தான் இந்த எளிய வாசல் மூடியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம். உடனே செய்ய வேண்டியது, சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குவது.

திருமங்கலத்திலிருந்து: ஜெயித்துவிட்டேன் சார். தீர்ப்பு வந்து மாதங்கள் ஆகியும் பணம் வரவில்லை.

அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அதற்கு 45 நாள்தான் கெடு, அதுவும் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். போகவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.