போகும்போது பறக்கிற சைக்கிள் வரும்போது ஏன் இழுக்கிறது?

கேள்வி: மொரீஷியஸின் மகேபூரில் இருக்கிறேன், வயது 52. எடை குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், ஞாயிறு காலை 8 மணிக்குக் கிளம்பி லகூன் (பவளத்திட்டுக்குள் அடங்கிய கடல்) ஓரச் சாலையில் கிராண்ட் சாப்ல் பக்கம் வரை சைக்கிளில் போய் வருகிறேன். பெரிய மேடு எதுவும் இல்லை. போகும்போது சுகம். திரும்பும்போது கால் கனத்துப்போகிறது, முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. வண்டி, ஒரு தரகர் மூலம் வாங்கிய பழைய அலுமினிய ரோட் சைக்கிள். சீட் தாழ்வாக இருக்கிறது, உயர்த்தப் பார்த்தால் அசையவில்லை. "அதுதான் உங்கள் அளவு. சக்கரம்தான் கோளாறு, 50 மில்லிமீட்டர் உயர விளிம்புள்ள கார்பன் ஃபைபர் சக்கரம் போடுங்கள். இல்லையென்றால் இதைக் கொடுத்துவிட்டுக் கார்பன் வண்டியே எடுங்கள்" என்கிறார் அவர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். திரும்பும்போது உங்களைப் பிடித்து இழுப்பது தென்கிழக்குக் காற்று. முழங்காலை நோகடிப்பது தாழ்ந்த சீட். இரண்டுக்கும் கார்பன் மருந்தல்ல.

மொரீஷியஸில் வருடத்தின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்துதான் வீசும், குளிர்மாதங்களில் இன்னும் பலமாக. வியே கிராண்ட் போர், பாம்பூ விரியே ஊர்கள் வழியாக உங்கள் சாலை வடக்கு நோக்கிப் போகிறது. அதனால் போகும்போது காற்று உங்கள் முதுகையும் வலத்தோளையும் தள்ளிக்கொடுக்கிறது. தள்ளுகிற காற்று காதில் சத்தம் போடாது, அதனால் காற்றே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பக்கத்தில் லகூனும் தட்டுப்போல அமைதியாகக் கிடக்கிறது. அலையைத் தடுப்பது பவளத்திட்டு. காற்றை அது தடுப்பதில்லை. கண்ணால் பார்க்க வேண்டுமானால் கரையோரச் சவுக்கு மரங்களின் நுனியைப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கின்றன என்று. கிளம்பும் முன் வாகோவா வானிலை நிலையத்தின் அறிவிப்பில் காற்றின் திசையையும் வேகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு மிக எளிது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால் உங்கள் மார்பில் மோதுவது 45 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அதாவது காற்றில்லாத நாளைப்போல மூன்று மடங்குக்கு மேல் தடை. சமதரையில் மேடு கிடையாது, காற்றுதான் அங்கே மேடு. 20 கிலோமீட்டரை 30 வேகத்தில் போனால் 40 நிமிடம், அதே தூரத்தை 18 வேகத்தில் திரும்பினால் 67 நிமிடம். மொத்தம் 107. காற்றில்லாத நாளில் ஒரே சீராக 25 வேகத்தில் போய்வந்தால் 96 நிமிடம்தான். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஆகும் நஷ்டத்தை ஒருநாளும் ஈடுகட்டாது.

எனவே முதலில் நேரத்தை மாற்றுங்கள். 8 மணிக்குக் கிளம்புவதுதான் தப்பு. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள், 8 மணிக்கு வீட்டுப் பக்கம் முகம் திரும்பியிருக்க வேண்டும். எந்த ஊரில் திரும்புவது என்று பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புங்கள். காரில் சைக்கிளை ஏற்ற முடிந்தால் இன்னும் நல்லது: கிராண்ட் சாப்லிலிருந்து தொடங்கித் தெற்கே மகேபூர் நோக்கி முதலில் எதிர்காற்றில் வாருங்கள், களைத்த பிறகு காற்று உங்களைத் திருப்பி அனுப்பும். எதிர்காற்றில் பெரிய கியரை அழுத்தாதீர்கள். லேசான கியருக்கு மாறி, நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் மிதியுங்கள். ஹேண்டிலின் வளைவில் கை வைத்து, முழங்கையை மடித்து, மார்பைத் தாழ்த்துங்கள். கடையில் வாங்கும் எந்தச் சக்கரமும் தராத லாபத்தை இது இலவசமாகத் தரும்.

அந்தச் சக்கரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 50 மில்லிமீட்டர் விளிம்பு பக்கக்காற்றுக்குப் பாய்மரம்போல நிற்கும். உங்கள் சாலையில் வளைகுடா திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் காற்று பக்கவாட்டில் அடிக்கும், முன்சக்கரம் ஒரு முழம் நகரும். ஒரு முழம் நகர அங்கே இடம் எங்கே இருக்கிறது? ஓரப்பாதை இல்லை, ஒரு பக்கம் திறந்த வாய்க்கால், இன்னொரு பக்கம் பஸ். கரும்பு வெட்டும் மாதங்களில் லாரியிலிருந்து உதிர்ந்த சோகை வேறு. மெட்ரோ வந்தது, மேம்பாலங்கள் வந்தன, சாலைக்குப் புதிது புதிதாகத் தார் போடுகிறார்கள். ஆனால் அந்தத் தாரின் ஓரத்தில் ஒரு மீட்டரைச் சைக்கிளுக்கு விட இவர்களுக்கு மனம் வரவில்லை. கேட்டால் நிலம் இல்லை என்பார்கள். இந்த நிலையில் பழகாதவருக்கு உயர்விளிம்புச் சக்கரத்தை விற்பது வியாபாரம் அல்ல, ஆபத்தைக் கைமாற்றுவது.

தரகர்கள் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். "பக்கத்துத் தீவு ரியூனியனிலிருந்து வந்த வண்டி, ஒரு சீசன்தான் ஓடியது" என்பது இவர்களின் வழக்கமான வசனம். கார்பன் வண்டி விழுந்து உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் மேலே பெயிண்ட் அடித்தால் தெரியாது. புது ஸ்டிக்கர், ஒரே இடத்தில் மட்டும் பளபளப்பு, பெடல் அச்சின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைச் சுரண்டியிருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ரசீது தராதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். "பழையதை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறவர் அதையே அடுத்த வாரம் இன்னொருவருக்கு விற்பார்.

இனி, வண்டி மேல் நிஜமாகவே குற்றம் இருக்கக்கூடிய ஒரே இடம்: அசையாத அந்தச் சீட் கம்பி. இதை விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது, யாரும் வாங்கும்போது பார்ப்பதில்லை.

முதலில் சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள், குதிகாலைப் பெடலில் வையுங்கள், பெடலை அடியில் கொண்டுபோங்கள். கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியே நின்றால் சீட் தாழ்வு. முழங்காலின் முன்பக்க வலிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். "உங்கள் அளவு" என்று அவர் சொன்னது, கம்பி நகரவில்லை என்பதை மறைக்கச் சொன்ன பேச்சு என்றே நினைக்கிறேன்.

அலுமினியச் சட்டத்துக்குள் (வண்டியின் ஃபிரேம்) கார்பன் சீட் கம்பி இருந்து, நடுவே உப்பும் வியர்வையும் இறங்கினால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகும். அந்தத் தூள் உப்பி, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அலுமினியக் கம்பியாக இருந்தாலும் கிரீஸ் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் இதே கதிதான். உங்கள் வண்டியில் சீட் கம்பி சட்டத்துக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் கம்பியை இறுக்கும் வளையத்தின் போல்ட்டை முழுவதும் கழற்றுங்கள், துருநீக்கி எண்ணெயை விளிம்பைச் சுற்றி விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள். மேலே இழுக்காதீர்கள், திருப்புவதுதான் முக்கியம். சுத்தியலை எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் முயன்றும் அசையாவிட்டால் நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். அவர் கம்பியை அறுத்து எடுப்பார். புதுக் கம்பி ஒன்று வாங்க வேண்டியிருக்கும், சட்டம் பிழைத்துக்கொள்ளும். சட்டத்திலேயே விரிசல் தெரிந்தால் மட்டும் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

கம்பி வெளியே வந்ததும் குழாயின் உள்ளே துணி விட்டுத் துடையுங்கள். அலுமினியக் கம்பி என்றால் கிரீஸ் தடவுங்கள். கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று விற்கும் மணல்போன்ற பசைதான் தடவ வேண்டும். சீட்டை ஒரேயடியாக உயர்த்தாமல் வாரத்துக்கு அரை சென்டிமீட்டராக உயர்த்துங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பியை வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். சவாரி முடிந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரஷர் பம்பு வைத்து அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும்.