60 விண்ணப்பம், ஒரு போன்கூட இல்லை: மெடிக்கல் ரெப் நண்பருக்கு

நாலு வருஷ அனுபவம் இருந்தும் நௌக்ரி வேலைத் தளத்தில் 60 இடத்துக்குப் போட்டு ஒரு அழைப்பும் இல்லை என்கிறீர்கள். டாக்டரைப் பார்க்காமல் ரிசப்ஷனில் கார்டை வைத்துவிட்டுத் திரும்புவது போன்ற வேலை இது.

ரெப் வேலைக்கு ஆளைத் தேடுவது பெரும்பாலும் ஏரியா மேனேஜர்தான். ஹெச்ஆர் பிறகு வரும். எந்தக் கம்பெனியில் உங்கள் ஊர் ரெப் இடம் காலி என்பது மெடிக்கல் ஷாப்காரருக்கும், கடைகளுக்குச் சரக்கு தரும் ஸ்டாக்கிஸ்டுக்கும் முன்கூட்டியே தெரியும். எந்த டாக்டர் எந்த மருந்து எழுதுகிறார் என்று கடையில் கேட்டு ஆர்சிபிஏ கணக்கு எடுக்கும்போதே, "அந்தக் கம்பெனி ரெப் இப்ப வர்றாராண்ணே?" என்று போட்டு வாங்குங்கள். மேனேஜர் நம்பரும் அங்கேயே கிடைக்கும். 15 கம்பெனி போதும். உங்கள் கோர் டாக்டர்கள், அதாவது நீங்கள் முக்கியமாகப் பார்க்கும் டாக்டர்கள், எழுதும் தெரபியில் (நோய்ப் பிரிவில்) மருந்து விற்கும் கம்பெனிகளுக்கு முதல் போன்.

ரெஸ்யூமேயில் "கடின உழைப்பாளி" வேண்டவே வேண்டாம். டார்கெட், அச்சீவ்மெண்ட் சதவீதம், டாக்டர் எண்ணிக்கை, கால் ஆவரேஜ் (ஒரு நாளில் சராசரியாகப் பார்க்கும் டாக்டர்கள்) போடுங்கள். விற்பனை பிரைமரியா (கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு விற்றது) செகண்டரியா (ஸ்டாக்கிஸ்ட் கடைகளுக்கு விற்றது) என்றும் எழுதுங்கள். இன்டர்வியூவில் மடக்குவது அங்கேதான். மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்ட் தலையில் கட்டிய சரக்கும் பிரைமரியில் ஏறிவிடும், அடுத்த மாதம் ரிட்டர்னாக வரும். இது எந்த மேனேஜருக்குத் தெரியாது?

பதில் வராவிட்டால் நாலைந்து நாள் கழித்து மறுபடி பேசுங்கள். முதல் விசிட்டிலேயே எந்த டாக்டர் நம் மருந்தை எழுதினார்? விற்பனைக்கு ஆதாரம் கேட்டால் இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) லெட்டர் காட்டுங்கள். இப்போதைய கம்பெனியின் சேல்ஸ் ஸ்டேட்மெண்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.