சிம்னி ஃபில்டர்: ஏஜென்ட் சொல்லும் 'ரெண்டு நிமிஷ வேலை'

கேள்வி: புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். உமி பாய்லரின் சிம்னியில் புகையை இழுத்து அளக்கும் கருவி பொருத்தியிருக்கிறோம். மேலே உள்ள அதன் ஃபில்டர் வாரத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொள்கிறது. "பாய்லரை நிறுத்த வேண்டாம், ஆளை ஏற்றி மாத்திடுங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்கிறார் ஏஜென்ட். பையனை ஏற்ற எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் சரிதான். பாய்லர் ஓடும்போதே மாற்றலாம். ஆனால் ரெண்டு நிமிஷத்தில் முடிக்கிற வேலை இல்லை.

புகையில் ஈரம் உண்டு. குளிர்ந்தால் இட்லிச் சட்டி மூடியில் போலத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதனால் ஃபில்டர் பெட்டியை ஹீட்டர் வைத்துச் சூடாகவே வைத்திருப்பார்கள். பல கருவிகளில் 180 டிகிரி வரை போகும். கதர்த் துண்டைச் சுற்றிக்கொண்டு தொடுகிற சூடு இல்லை அது.

சூடாவது கிட்டே போனால் தெரியும். காற்று தெரியாது. ஃபில்டரில் படியும் தூசியைத் திருப்பி ஊதித் தள்ள, பக்கத்திலேயே சின்னக் காற்று டேங்க் இருக்கும். கீழே கம்ப்ரசரை நிறுத்தினாலும் டேங்குக்குள் அழுத்தம் அப்படியே நிற்கும். மூடியைக் கழற்றும் நேரத்தில் டைமர் வால்வைத் திறந்தால் சுடுசாம்பல் நேராக முகத்துக்கு வரும். எனவே முதலில் புகையை இழுக்கும் பம்ப்பையும் ஊதும் டைமரையும் நிறுத்துங்கள். காற்று லைனை மூடி, 'உஸ்' சத்தம் அடங்கும்வரை டேங்கைக் காலி செய்யுங்கள். அப்புறம் சிம்னிப் பக்கத்து வால்வை மூடி, ஹீட்டரை அணைத்து, ஆறும்வரை காத்திருங்கள். கழற்றும்போது மூடிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் பாய்லரை நிறுத்தியே ஆக வேண்டும். சிம்னிப் பக்கம் வால்வே இல்லை, கருவி இருக்கும் இடத்தில் புகை உள்ளிழுக்காமல் வெளியே தள்ளுகிறது என்றால், ஓடும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஐ.டி. ஃபேனுக்கும் (பாய்லர் புகையை இழுத்துச் சிம்னிக்குத் தள்ளும் ஃபேன்) சிம்னிக்கும் நடுவில் உள்ள குழாயில் கருவி இருந்தால் பெரும்பாலும் இதுதான் நிலைமை. "சிம்னி என்றாலே இழுக்கும்" என்பார்கள். உயரத்தில் இழுக்கலாம், ஃபேனை ஒட்டித் தள்ளும். காலையில் இழுத்த இடம், லோடு கூட்டி ஃபேன் வேகத்தை ஏற்றியதும் தள்ள ஆரம்பிப்பதும் உண்டு. அப்படி வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு மணம் கிடையாது. சிம்னி மேடையில் தலை சுற்றினால் பிடிமானம் எங்கே? பிரஷர் மீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கீழே அறையில் இருக்கும் கருவியின் கழிவுக் குழாயும் வெளியே போகிறதா என்று பாருங்கள். சில இடங்களில் கதவைச் சாத்திய ஏசி அறைக்குள்ளேயே அதை விட்டிருப்பார்கள்.

உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பழைய ஃபில்டரை மேடையிலேயே கம்ப்ரசரால் ஊதிச் சுத்தம் செய்தால் அது நுரையீரலுக்குத்தான் போகும். பையில் போட்டு இறக்குங்கள். முகத்தில் கட்டும் துண்டு மாஸ்க் ஆகாது.

ஏஜென்ட் அடுத்து "அடைக்காத ஃபில்டர்" கொண்டுவருவார். அதன் துளைகள் பெரிதாக இருப்பதால்தான் அது அடைக்காது. தூசி உள்ளே போய் பம்ப்பும், புகையை அளக்கும் அனலைசரும் கெடும், சர்வீஸ் பில் தனியாக வரும், அதையும் அவரே போடுவார். ஹீட்டரைக் குறைத்தால் கரண்ட் மிச்சம் என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கருவி காட்டும் எண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆன்லைனில் போகவில்லை என்றால் உடனே கடிதம் வந்துவிடுகிறது. ஏணிக்கம்பி துருப்பிடித்திருக்கிறதா, மேடைக்குக் கைப்பிடி உண்டா என்று ஒரு கடிதமாவது உங்களுக்கு வந்திருக்கிறதா? அதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை உச்சிவெயிலிலும் ஐப்பசி இடிமழையிலும் யாரையும் ஏற்றாதீர்கள்.

புது ஃபில்டரோடு, கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். சூடு முழுதாக ஏறிய பிறகே பம்ப்பைப் போடுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை அடைப்பதற்குக் காரணம் பழைய ஃபில்டரிலேயே இருக்கும். சாம்பல் களியாக ஒட்டியிருந்தால் ஹீட்டர் சரியில்லை, அல்லது கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் வருகிறது. உலர்ந்த பொடியாக உதிர்ந்தால் ஃபில்டரை விட்டுவிட்டு, புகையிலிருந்து சாம்பலைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோனைத் திறந்து பாருங்கள்.