ராப் வாக்கரின் நீல வண்டி – கடிதம்

வணக்கம் ஐயா,

பிரிட்டிஷ் கார் பந்தய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் ராப் வாக்கர் என்ற அணி முதலாளியின் பெயர் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. தேடிப் படித்தேன். விஸ்கிக் குடும்பத்து வாரிசு என்றும், இறந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் பந்தய உலகம் அவரைக் கொண்டாடுகிறது என்றும் தெரிந்தது. பணம் இருந்தது, போட்டார். உயிரைப் பணயம் வைத்தவர் வேறொருவர். அப்படியிருக்க இவரை எதற்காக நினைவுகூர வேண்டும்?

எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் ஒலிபெருக்கியில் முதலில் முழங்குவது மாட்டுக்காரரின் பெயரும் ஊரும்தான். சாரதியின் பெயர் அதற்குப் பிறகுதான். சிறு வயதிலிருந்தே இது எனக்கு உறுத்தல். நம்மூரில் கார் பந்தயத்துக்கு இப்படிக் கைக்காசு போட்டவர்கள் உண்டா என்றும் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம்)
தொண்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊருக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே கடற்கரைச் சாலையோரம் நின்று நானும் அந்தப் பந்தயங்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்காரர்களில் இரண்டு வகை உண்டு. வண்டிக்குப் பின்னாலேயே பைக்கில் விரட்டிவந்து, "இப்போது விடு, இப்போது பிடி" என்று தொண்டை கிழியக் கத்தி, சாரதியின் புத்தியைக் குழப்பி, தோற்றபின் அவனையே ஏசுகிறவர் ஒரு வகை. கயிற்றைச் சாரதியின் கையில் கொடுத்ததோடு ஒதுங்கி நிற்பவர் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் அபூர்வம். வாக்கர் அந்த வகை.

1917இல் பிறந்தவர். ஜானி வாக்கர் விஸ்கிச் செல்வம் பரம்பரையாக வந்தது. வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1939இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் டெலஹே காரை ஓட்டி எட்டாவதாக வந்தவர். போரில் கடற்படை விமானி. மணமானபோது இனிப் பந்தயத்தடத்தில் ஓட்டுவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். ஓட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, டார்க்கிங் என்ற ஊரில் ஒரு பட்டறையை வைத்துக்கொண்டு, பிறர் ஓட்டக் கார் வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார். அடர்நீல உடல், மூக்கில் வெள்ளைப் பட்டை. ஸ்காட்லாந்தின் நிறங்கள். விஸ்கியின் பெயர் அந்தக் காரில் இல்லை.

1958 ஜனவரி, அர்ஜென்டினா கிராண்ட் பிரீ (உலகச் சாம்பியன் பட்டத் தொடரில் ஒரு பந்தயம்). மாஸ் வழக்கமாக ஓட்டிய வான்வால் அணி தயாராகவில்லை. அதனால் வாக்கரின் சின்னஞ்சிறு கூப்பர் காரில் ஏறினார். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், அளவு 2 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. எதிரே முன்பக்க எஞ்சினோடு 2.4 லிட்டர் ஃபெராரிகள். கூப்பரின் சக்கரம் ஒவ்வொன்றையும் நான்கு மரைகள் கழற்றித்தான் மாற்ற வேண்டும். மற்றவர்களுக்கு நடுவில் ஒரே திருகு, ஒரு தட்டில் கழன்றுவிடும். டயர் மாற்ற நின்றால் மாஸ் தோற்றார். ஆகவே நிற்பதில்லை என்று முடிவு. ஆனால் நிற்கப் போவதுபோல் மெக்கானிக்குகள் புது டயர்களை எடுத்து வெளியே வைத்தார்கள். ஃபெராரிக்காரர்கள் அதை நம்பி அவசரப்படாமல் இருந்தார்கள். உண்மை புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. டயரில் நூல் தெரியத் தேய்ந்த நிலையில் மாஸ் 2.7 விநாடி முன்னதாக வந்து சேர்ந்தார். உலகச் சாம்பியன் பட்டப் பந்தயத்தில் பின்பக்க எஞ்சின் வண்டி ஜெயித்தது அதுவே முதல்முறை. இன்று நீங்கள் பார்க்கும் எல்லா ஃபார்முலா 1 கார்களும் அந்த வழியில் வந்தவைதான். ஒரு பெரிய தொழிற்சாலை ஏற்கத் தயங்கிய சவாலைத் தனியாள் ஒருவர் ஏற்றார்.

லோட்டஸ் என்ற கார் கம்பெனிக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியை வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கம்பெனியின் சொந்த அணி அல்ல. 1960இல் மொனாக்கோவில் வாக்கரின் காரில் மாஸ்தான். அடுத்த ஆண்டு லோட்டஸ் புதிய மாடலை வாக்கருக்கு விற்கவில்லை. அவர்களுக்கு ஒரு எண்ணெய்க் கம்பெனியோடு ஒப்பந்தம், வாக்கருக்கு வேறொன்றோடு. பழைய காரோடு 1961 மொனாக்கோ போனார்கள். தொடங்கும் கோட்டில் நிற்கும்போது காரின் சட்டகத்தில் ஒரு குழாய் விரிசல் விட்டிருப்பது தெரிந்தது. பெட்ரோல் நிரம்பிய டாங்கிக்கு ஈரத்துணி சுற்றி, தலைமை மெக்கானிக் ஆல்ஃப் ஃபிரான்சிஸ் அங்கேயே வெல்டிங் வைத்தார். 100 சுற்றுகள். மூன்று ஃபெராரிகளையும் பின்னால் வைத்தே முடித்தார் மாஸ். அந்த மெக்கானிக்கின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் உறுத்தலை அவருக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மாஸுக்கும் வாக்கருக்கும் இடையே எழுத்து ஒப்பந்தமே இருந்ததில்லை. வாய்ச்சொல், கைகுலுக்கல், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் 'உயிர்ப் பணயம்' பற்றி. வாக்கரை நான் மதிப்பது பெரும்பாலும் 1962க்காக. அந்த ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத்தடத்தில் மாஸ் விபத்துக்குள்ளாகிப் பந்தய வாழ்க்கையே முடிந்தது (அன்று அவர் ஓட்டியது வாக்கரின் அணிக்காக அல்ல). ஃபெராரியே ஒரு காரைக் கொடுத்து, அதை வாக்கரின் நீல நிறத்தில் மாஸ் ஓட்டலாம் என்று சம்மதித்திருந்த நேரம். நவம்பர் 1இல் மெக்சிகோவில் பயிற்சியின்போது வாக்கரின் லோட்டஸில் ரிக்கார்டோ ரொட்ரீகெஸ் இறந்தார். வயது 20. டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு வாக்கர் லோட்டஸில் கேரி ஹாக்கிங் இறந்தார். நண்பன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறந்ததைக் கண்டு, அது ஆபத்து என்று விட்டுவிட்டுக் காருக்கு வந்தவர் அவர். இரண்டு மாதங்களுக்குள் இரண்டு சாவு, இரண்டும் தான் வாங்கிக் கொடுத்த வண்டிகளில். 1958இல் இதே நிலையில் வான்வால் முதலாளி டோனி வேண்டர்வெல் என்ன செய்தார் தெரியுமா? தன் ஓட்டுநர் லூயிஸ்-எவன்ஸ் தீக்காயத்தில் இறந்தபின், அணிகளுக்கான முதல் சாம்பியன் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒதுங்கிவிட்டார். அதுவும் மனிதத்தனம்தான். வாக்கர் தொடர்ந்தார். எது சரி என்று எனக்குள் நான் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பணம் போட்டவனுக்கு இழப்பு பணத்தோடு நின்றது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

1968இல் புதிதாக வாங்கிய லோட்டஸ் 49 காரை வாக்கரின் ஓட்டுநர் ஜோ சிஃபர்ட் பயிற்சியில் மோதினார். அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்துப் பட்டறையே எரிந்தது. ஜாக் டர்லாக்கர் என்பவர் கைகொடுக்க, இன்னொரு கார் வந்தது. ஜூலையில் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் சிஃபர்ட் அதில் ஜெயித்தார். தனியாள் அணியின் கடைசி வெற்றி என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். வாக்கரின் கணக்கில் ஒன்பதாவது. அதே ஆண்டுதான் லோட்டஸ் தன் கார்களுக்குச் சிகரெட் பெட்டியின் நிறத்தைப் பூசியது. கைக்காசில் பந்தயம் நடத்தும் காலம் அதன்பின் அதிக நாள் ஓடவில்லை. பிறகு வாக்கர் பந்தயங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். 2002 ஏப்ரலில், 84 வயதில் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த விஸ்கிக் கம்பெனி மெக்லாரன் காரில் தன் பெயரை எழுதியது. வேடிக்கைதான்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'கனவான்' என்று உருகுவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. விஸ்கிப் பணம் பின்னால் இருந்தால் கனவானாக இருப்பது கொஞ்சம் எளிது. அவருடைய தனித்தன்மை அடக்கம்.

நம்மூர்? கோவை எஸ். கரிவர்தன். இவரும் வசதியான தொழில் குடும்பம், ஆனால் ஒதுங்கி நிற்கவில்லை. தானே ஓட்டினார், தானே வண்டி வடிவமைத்தார். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அதற்கு முன் இங்கே ஒற்றை இருக்கைக் கார் என்பது பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் விளையாட்டு. பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதிதான். 1995இல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத்தடத்துக்கு அவர் பெயர்தான். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், எழுதுகிறேன்.